நீ ஊட்டிய இளநீர்

எய்யா செல்வா,

முதலில் நம் பிள்ளைகளின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், மற்றது பிறகு. உன் தங்கை வள்ளியின் மூத்தவன் கதிர் கப்பல் என்ஜினியர் படிப்புக்குத் தேறிவிட்டான். நல்ல ரேங்க்காம். சால்ட் லேக்கில் அவர்கள் பிளாக் முழுக்க வள்ளி சந்தேஷ் கொடுத்திருக்கிறாள். என்னிடம் டப்பாவைத் திறந்து காட்டிவிட்டு மூடிக்கொண்டாள், எனக்குப் பால் பண்டம் ஆகாதாம். இளையவள் தாரா பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் வங்காளத்தில் பேசி, வங்காளிப் பிள்ளைகளையெல்லாம் பின்னால் தள்ளி, முதல் பரிசு வாங்கியிருக்கிறாள். பல் விழுந்த இடத்தில் காற்று போகிறதே, எப்படிப் பேசினாய் என்று கேட்டேன். "அதான் பாட்டி அழகு"ன்னு சொல்லுது. இனி உன் மகள். யாழினி நீச்சலில் மாவட்டத்தைத் தாண்டி மாநிலப் போட்டிக்குப் போய் வெண்கலப் பதக்கம் வாங்கிவிட்டாள். இதை உனக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது பார். அவள் அங்கே தண்ணீரில் குதித்த மத்தியானம், நீ இங்கே டாலிகஞ்சில் என் தம்ளரில் தண்ணீரை அளந்துகொண்டிருந்தாய். உன் பெண்டாட்டி பிரேமா போன் செய்தாள். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாய். மீட்டிங் எல்லாம் ஒன்றுமில்லை, என் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாய். பதக்கச் செய்தி எனக்குத்தான் முதலில் வந்தது. உனக்கு அதைச் சொல்ல வாயெடுத்தபோது நீ "கால் வீங்கியிருக்கா, காட்டு" என்று குனிந்துவிட்டாய்.

பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நேற்று பெங்களூருக்குக் கிளம்பினாய். பையில் ஆஸ்பத்திரிக் காகிதம் இருந்தது, நான் பார்த்தேன். உன் கிட்னியில் ஒன்றை எனக்குக் கொடுக்க வேண்டுமானால் உன் பெண்டாட்டியும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதை வாங்கத்தான் போயிருக்கிறாய். அது வந்ததும் ஆஸ்பத்திரிக் குழு நம் இரண்டு பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்கும். கொடுக்க இஷ்டமா என்று உன்னிடம் கேட்பார்கள், வாங்கிக்கொள்ள இஷ்டமா என்று என்னிடம் கேட்பார்கள். நான் அங்கே என்ன சொல்லப்போகிறேன் என்பதை அவர்கள் வாயிலிருந்து நீ முதன்முதலாகக் கேட்கக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் சிக்னல் இல்லை என்பாய். நேரில் சொன்னால் காதில் வயரை மாட்டிக்கொள்வாய். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், என் எழுத்தும் லேசில் பிடிபடாது. அதனால் உன்னால் இதை அவசரமாக ஓட்டிவிட முடியாது. ஒவ்வொரு சொல்லிலும் நின்றுதான் போக வேண்டும். எனக்கு அது போதும்.

டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். கழுத்துக் குழாயை மெஷினில் மாட்டிவிட்டார்கள், கை இரண்டும் சும்மாதான் இருக்கின்றன. ஆனால் கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும், மெஷின் கூவுகிறது, பையன் ஒருத்தன் ஓடிவந்து நேராக்கிவிட்டுப் போகிறான். எதிரே டிவி. சத்தம் வைக்க மாட்டார்கள். சீரியலில் ஒரு மாமியார் வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், என்ன திட்டுகிறாள் என்று யாருக்கும் தெரியாது. என் ரத்தம் என் கண் முன்னால் குழாயில் கிளம்பி, மெஷினைச் சுற்றிவிட்டு, திரும்ப என்னிடம் வருகிறது. அதற்காவது வெளியே போய்வரக் கொடுத்துவைத்திருக்கிறது. ஒன்று விட்டு ஒரு நாள் இங்கே வந்து கட்டுப்படுகிறேன். நடுவில் வருகிற நாள் வீட்டில் கட்டுப்படுகிறேன். வாழைப்பழம் ஆகாது, தக்காளி ஆகாது, உருளைக்கிழங்கை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வேகவைத்து ருசி போன பிறகுதான் எனக்கு. உங்கள் அப்பா கடைக்கு எத்தனை வருஷம் சாம்பார் பொடியும் இட்லிப் பொடியும் இடித்துக் கொடுத்த கை இது. இப்போது ஒரு கல் உப்பைத் தொட்டால் நீ பின்னால் வந்து நிற்கிறாய்.

குளியலறைக்குள் போனால் கதவுக்கு வெளியே உன் செருப்புச் சத்தம். "வந்துச்சாம்மா?" என்று கேட்கிறாய். வள்ளி சால்ட் லேக்கிலிருந்து போன் செய்தால் முதல் கேள்வி "வந்துச்சா?" எதிர் பிளாட் வங்காளிப் பெண், நம் பௌதி, துணி காயப்போட பால்கனிக்கு வந்தால், தெருவில் மீன்காரன் நிற்கிறானே என்றுகூடப் பார்க்காமல், "மாஷிமா, ஆஜ் ஹொலோ?" என்று கத்துகிறாள். இன்றைக்கு ஆச்சா பெரியம்மா என்று! உங்கள் அப்பா உயிரோடு இருந்தவரை நான் ஒன்றுக்குப் போகிறேனா இல்லையா என்று அந்த மனுஷன் ஒரு நாள் விசாரித்ததில்லை. இப்போது பாடா முழுக்க, அக்கம்பக்கம் முழுக்க, அதே விசாரிப்பு. சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், கோபப்படாதே. ஆனால் அந்தக் கதவுக்குள்ளே உட்கார்ந்திருக்கும்போது சிரிப்பு வராது. வெளியே ஒருத்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அவன் உயிரே என் பதிலில் இருக்கிறது என்று தெரிந்தால், உள்ளே இருக்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வரும்போதெல்லாம் உன் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. உள்ளேயே இருந்துவிடலாமா என்று தோன்றும்.

நடந்தது முழுவதையும் ஒரு தடவை வரிசையாகச் சொல்லுகிறேன். உன் மனதில் அது தலைகீழாக அடுக்கியிருக்கிறது. மழை ஓய்ந்த சமயம் நம் பாடாவில் வீட்டுக்கு ஒருத்தர் டெங்குவில் படுத்தார்கள். எனக்கும் வந்தது. காய்ச்சல் இறங்கியதும் பிழைத்தோம் என்று நினைத்தோம். வள்ளி எனக்குத் தலைகூட வாரிவிட்டாள். அன்றைக்குத்தான் கை கால் சில்லிட்டு, வயிறு உப்பி, கண் இருட்டியது. காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்குவின் மோசமான கட்டம் வருமாம், நமக்கு யார் சொன்னார்கள்? நீ பெங்களூரிலிருந்து வந்து சேருவதற்குள் என்னை ஐ.சி.யூ.வில் போட்டுவிட்டார்கள். பிரஷர் தரைக்குப் போய்விட்டது. மூச்சுக்கு முகமூடி, கையில் ஊசி, கீழே ஒரு பை. அந்தப் பையில் சொட்டு விழுகிறதா என்றுதான் சிஸ்டர்மார் வந்து வந்து குனிந்து பார்த்தார்கள். விழவில்லை. நீ முதன்முதலாக உள்ளே வந்து "அம்மா" என்று கூப்பிட்டபோதே அந்தப் பை காலியாகத்தான் தொங்கியது. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், பிறகு வேண்டியிருக்கும்.

அங்கே என்ன கொடுமை என்றால், எனக்கு வங்காளம் போய்விட்டது. இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து மீன் மார்க்கெட் முதல் பேங்க் வரை நான் பேசிய பாஷை, துடைத்துவிட்ட சிலேட்டு மாதிரி போய்விட்டது. இந்தியும் இல்லை. குழாயைப் பிடுங்குகிறேன் என்று இரண்டு கையையும் துணியால் கட்டில் கம்பியோடு கட்டிவிட்டார்கள். நான் தமிழில் "அவுத்து விடுங்கம்மா, ஒரு வாய் தண்ணி தாங்கம்மா" என்று கெஞ்சுகிறேன், அவர்கள் என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள். உடம்பில் சேருகிற தண்ணீர் வெளியேற வழியில்லாததால் குடிக்கக் கொடுக்கக் கூடாது, உதட்டை மட்டும் நனைக்கலாம் என்று உத்தரவு. அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் அந்தத் தாகம் மாதிரி ஒரு தாகம் யாருக்கும் வரக் கூடாது. என் பேச்சு புரிகிற ஒரே ஆள் சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் பச்சை அங்கி போட்டுக்கொண்டு வருவான். அது நீ. நாள் முழுக்க நான் அடைபட்டிருந்த அறைக்கு அந்த ஒரு ஜன்னல்தான் இருந்தது.

"எய்யா, தொண்டை எரியுது. ஒரு மடக்கு இளநி வாங்கியாந்து ஊத்துய்யா"ன்னு நான்தான் கேட்டேன். நீ முதலில் "வேண்டாம்மா, சிஸ்டர் திட்டும்"னு சொன்னாய். "அவ காதுக்கு நம்ம பேச்சு என்னத்தத் தெரியும்? நாளைக்குக் கொண்டாந்துரு"ன்னு நான் சொன்னேன். சிஸ்டர் அப்போது நம் தலைமாட்டில்தான் நின்று மருந்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவளை வைத்துக்கொண்டே நாம் திட்டம் போட்டோம், வாட்டர் பாட்டிலில் கொண்டுவரலாமா, ஸ்பூனா, பஞ்சா என்று. இந்த ஊரில் வேறு எந்த வீட்டுக்காரரும் அப்படிச் செய்திருக்க முடியாது. வங்காளி அம்மாவும் பிள்ளையுமாக இருந்தால் முதல் வார்த்தையிலேயே பிடிபட்டிருப்பார்கள். அவள் நம்மைப் பார்த்து, மந்திரம் சொல்கிறீர்களா என்று கேட்டாள். நீ முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு, "ஹ்யா சிஸ்டர், மாயேர் ஜொன்னோ" என்றாய். அம்மாவுக்காகத்தான் என்று. எனக்கு அந்த முகமூடிக்குள்ளே சிரிப்பு வந்தது. மறுநாள் சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியபோது நீ ஸ்பூனால் ஊட்டினாய். அதற்கு மறுநாளும் ஊட்டினாய். டெங்கு வந்தவர்களுக்கு வீட்டில் எல்லாரும் கொடுப்பதுதானே, தெருமுனையில் இளநீர் விற்கிற டாப்காரன் டெங்குக்கென்றே வண்டியை நிறுத்தி வெட்டித் தருகிறான். சூடு தணிந்தால் மூத்திரம் இறங்கும் என்று என் ஆத்தா சொன்னாள், நான் உனக்குச் சொன்னேன். கிட்னி நின்றுபோனவர்களுக்கு மட்டும் அதே இளநீர் விஷம் என்று நமக்குத் தெரியாது.

நெஞ்சு தாறுமாறாக அடித்து, தலைக்கு மேலே இருந்த மெஷின் அலறியது உனக்குத் தெரியும். எனக்கு நினைவில்லை. உன்னை வெளியே தள்ளிவிட்டார்கள். டாக்டர் ஓடிவந்து, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டதும் நீ ஒரு நொடி தயங்காமல் உண்மையைச் சொன்னாய் என்று வள்ளி சொன்னாள். அதனால்தான் அவர்களுக்கு என்ன செய்வதென்று உடனே தெரிந்தது. அதை நீ கணக்கில் எடுப்பதே இல்லை. டாக்டர் வராந்தாவில் எல்லார் முன்னாலும், "படித்தவர்தானே நீங்கள்? உங்கள் கையாலேயே உங்கள் அம்மாவைக் கொல்லப் பார்த்தீர்களே" என்றாராம். அந்த மனுஷன் பயத்தில் சொன்ன சொல் அது. மறுநாளே மறந்திருப்பார். நீ அதைத் தூக்கி உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டாய். அன்றைக்கு அவசரமாக டயாலிசிஸ் போட்டு என்னை இழுத்துவிட்டார்கள். நெஞ்சு சரியாகிவிட்டது. கிட்னி மட்டும் எழுந்திருக்கவில்லை. அது எழுந்திருக்காததற்கு உன் ஸ்பூன்தான் காரணம் என்று நீ முடிவு கட்டிவிட்டாய்.

போன வாரம் நீ மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது நான் டாக்டரைத் தனியாகப் பிடித்தேன். வங்காளம் இப்போது திரும்பி வந்துவிட்டதே. "என் பிள்ளை ஊட்டிய டாப் தண்ணீரால்தானா?" என்று நேராகக் கேட்டேன். இல்லவே இல்லை மாஷிமா என்றார். இளநீர் நெஞ்சைத் தாக்கியது, அது அன்றோடு சரியாகிவிட்டது. கிட்னி அதற்கு முன்பே அடிபட்டுவிட்டது, பிரஷர் இறங்கி அதற்கு ரத்தம் போகாமல் நின்றபோதே. எனக்கு உடனே நம் கடைக் கிரைண்டர் ஞாபகம் வந்தது. வோல்டேஜ் இறங்கிக் கிடந்த ஒரு நாள் உங்கள் அப்பா அதை ஓட்டவிட்டு, மோட்டார் கருகிவிட்டது. யார் அரிசி அதிகமாகப் போட்டது என்று அவர் கத்தினார். அரிசியால் இல்லை, கரண்ட் வராமல் கருகியது என்று பிறகு தெரிந்தது. நீயே யோசித்துப் பாரேன். சிறுநீர் நின்றுபோனதால் தண்ணீரைத் தடுத்தார்கள். தண்ணீரைத் தடுத்ததால் எனக்குத் தாகம். தாகத்தால்தான் இளநீர் கேட்டேன். நீ வந்த அன்றைக்கே பை காலி என்று மேலே எழுதினேனே, அதற்காகத்தான். எது முன்னால் எது பின்னால் என்று ஐந்தாம் வகுப்புக்காரிக்குத் தெரிகிறது, கம்ப்யூட்டருக்கே புத்தி சொல்லிக்கொடுக்கிற உனக்குத் தெரியவில்லை. நான் பினாத்திக்கொண்டு கேட்டேன், தெளிவாக இருந்த நீ தடுத்திருக்க வேண்டும் என்று வள்ளியிடம் சொன்னாயாமே. நான் தெளிவாகத்தான் இருந்தேன் அய்யா. பினாத்தியிருந்தால் சிஸ்டருக்குத் தமிழ் தெரியாது என்று கணக்குப் போட்டிருப்பேனா?

உன் சுபாவம் எனக்குப் புதிதில்லை. பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போன புதிதில், துர்கா பூஜோ சமயம், வள்ளியைப் பந்தல் பார்க்கக் கூட்டிப்போனாய். கூட்டத்தில் அவள் கை நழுவிவிட்டது. மைக்கில் பெயர் சொல்லித் தேடி, கடைசியில் பார்த்தால் அவள் டாக் அடிக்கிற மேளக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த பொரி உருண்டையைத் தின்றுகொண்டிருக்கிறாள். உங்கள் அப்பா உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "புள்ளைக்கு வயிறு நெறஞ்சிருக்கு, நமக்குச் சோத்தப் போடு"ன்னார். ஆனால் நீ அன்றோடு பூஜோவுக்குப் போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டாய். வருஷக்கணக்கில் போகவில்லை. அப்பாவுக்குக் கடை, எனக்கு மாவு. வள்ளியைக் கூட்டிப்போக ஆளில்லை. புதுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, டாக் சத்தம் வருகிற பக்கத்து ஜன்னலில் நிற்பாள். தண்டனையை நீ உனக்குத்தான் கொடுத்தாய், அனுபவித்தது அவள். இன்றைக்கும் அவள் மறக்கவில்லை. "அண்ணன் தியாகி வேசம் கட்டுனா வீட்ல மத்தவங்களுக்குத்தாம்மா பட்டினி"ன்னு போன தடவை வந்தபோது சொன்னாள். தனக்குச் சுகர் இருப்பதால் கிட்னி கொடுக்க முடியவில்லையே என்ற வருத்தம் அவளுக்கு வேறு. உன்னைப் பார்த்து எரிச்சல் படுகிறாள், அந்தப் பக்கம் திரும்பி அழுகிறாள்.

இப்போது ஜன்னலில் நிற்கிறது யார் தெரியுமா? பிரேமா என்னிடம் பேசினாள். அவள் பேசியதை உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன், மீறுகிறேன், அவள் என்னை மன்னித்துக்கொள்வாள். "அத்தை, உங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு நான் ஒருநாளும் நெனைக்கல. ஆனா அவரு மொகத்தப் பாத்தா பயமா இருக்கு. குடுக்கப் போற மொகமா அது? தூக்குக்குப் போற மொகம் மாதிரில்லா இருக்கு. கையெழுத்துப் போட்டா அந்த மொகத்தோட அனுப்பி வச்சவ ஆயிருவேன். போடாட்டா மாமியார சாகவிட்டவ ஆயிருவேன். நான் என்ன அத்தை செய்ய?" என்றாள். அந்தப் பக்கம் யாழினி "யாரும்மா, ஆச்சியா, அப்பா எப்ப வருவாங்கன்னு கேளு" என்கிறது காதில் விழுந்தது. நான் இந்த நாற்காலியில் கட்டுண்டு கிடக்கிறேன், அது நோயால் வந்தது. அவளை அங்கே கட்டிப்போட்டது நீ. உன்னை யார் கட்டினார்கள்? ஒருத்தரும் இல்லை. கயிற்றை நீயே கொண்டுவந்தாய்.

அம்மா பெரிய மனசு பண்ணி வேண்டாம் என்கிறாள் என்று நினைத்துவிடாதே. எனக்கு உயிர் ஆசை நிறைய இருக்கிறது. கதிர் வெள்ளைச் சட்டை போட்டுக் கப்பல் ஏறுவதைப் பார்க்க வேண்டும். வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், சொம்பைத் தூக்கி, அண்ணாந்து, கழுத்தெல்லாம் வழிய. சில நாள் அந்த ஆசையில், வாங்கிக்கொண்டால் என்ன, பிள்ளைதானே தருகிறான் என்றுகூடத் தோன்றியிருக்கிறது. நீ சிரித்துக்கொண்டு, வீட்டாரோடு கலந்து பேசி, "அம்மா, எங்கிட்ட ரெண்டு இருக்கு, ஒண்ண வச்சுக்கோ"ன்னு கேட்டிருந்தால் நான் கை நீட்டியிருப்பேனோ என்னவோ. நீ அப்படிக் கொடுக்கவில்லை. குற்றம் செய்தவன் அபராதம் கட்டுகிற மாதிரிக் கொடுக்கிறாய். அந்த அபராதத்தை என் வயிற்றுக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு நான் எப்படி நடமாடுவேன்? உனக்கு ஒரு ஜலதோஷம் வந்தால் நான் செத்துப்பிழைக்க வேண்டும். எனக்கு ஒரு காய்ச்சல் வந்தால், நான் கொடுத்தது வீணாகிறதா என்று நீ மறுபடி கதவுக்கு வெளியே வந்து நிற்பாய். இப்போது இருக்கிற கட்டு ஒரு கழுத்துக் குழாய். அது மெஷினை நிறுத்தினால் கழன்றுவிடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மறைத்தால் பிறகு என்னைக் கேட்பாய். நீ கிளம்பிய பிறகு, நேற்று சாயங்காலம், கொஞ்சம் வந்தது. எப்போதும் வருகிற சொட்டு இல்லை, கொஞ்சம். வெளியே உன் செருப்புச் சத்தம் இல்லாததாலோ என்னவோ! டாக்டர் கேட்டுவிட்டு, பார்க்கலாம், சில பேருக்கு மெதுவாகத் திரும்பும், உங்கள் வயதில் பாதிகூடத் திரும்பாமலும் போகலாம், ஆசையை வளர்க்காதீர்கள், அவசரமும் படாதீர்கள் என்றார். நான் ஆசையை வளர்க்கவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு நீயும் வளர்க்காதே. இனி ஒரு சொட்டு வராமலே போனாலும் நான் சொல்லப்போவது இதுதான். குழுவில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டால் "நேபோ நா" என்பேன். வாங்கிக்கொள்ள மாட்டேன். ஐ.சி.யூ.வில் வாயைவிட்டுப் போன வங்காளம் எதற்குத் திரும்பி வந்ததோ, இதைச் சொல்லவாவது ஆகட்டும். நான் மாட்டேன் என்றால் அதற்கு மேல் அவர்களால் யாரையும் கேட்க முடியாது, விசாரித்துவிட்டேன். அதனால் பிரேமா கையெழுத்துப் போடவும் வேண்டாம், போடாமல் கெட்ட பேர் வாங்கவும் வேண்டாம். இதை வாசித்து முடித்ததும் அந்தக் காகிதத்தை அவள் முன்னால் வைத்து, "அம்மா மாட்டேங்கா, விடு" என்று சொல்லு. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லு. நீ அவள் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

உடனே திரும்பி வராதே. வள்ளி நாற்காலிக்குக் கூட்டிவருகிறாள், பௌதி இருக்கிறாள், சமையலுக்கு வருகிற பெண் உன்னைவிட நன்றாக உருளைக்கிழங்கைக் கெடுக்கிறாள். என்னைப் பார்க்க வா, பண்டிகைக்கு வா, மூன்று பேரும் வாருங்கள். காவலுக்கு மட்டும் வராதே.

எனக்கு நீ தர வேண்டியது ஒன்று இருக்கிறது. பிரேமா இந்த வருஷம் போனில் அனுப்பிய படம் எல்லாவற்றையும் நேற்று உட்கார்ந்து தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பிறந்த நாள், பள்ளிக்கூட விழா, பதக்கம் வாங்கிய மேடை. ஒன்றில்கூட நீ இல்லை. அதனால் ஸ்டூடியோவுக்குப் போங்கள், மூன்று பேரும் நிற்கிற மாதிரிப் புதிதாக ஒரு போட்டோ எடுங்கள். யாழினி பதக்கத்தைப் போட்டுக்கொள்ளட்டும். பிரேமாவிடம் அந்தப் பச்சைப் பட்டைக் கட்டிக்கொள்ளச் சொல்லு. நீ ஓரமாகப் போய் நிற்காதே, நடுவில் நில், சவரம் செய்துகொண்டு நில். வாட்ஸப்பில் தள்ளிவிட வேண்டாம். காகிதத்தில் போட்டு, கவரில் வைத்து, நீயே யாழினியைக் கூட்டிக்கொண்டு தபாலாபீசுக்கு நடந்துபோய்ப் போடு. அது என் கைக்கு வந்தால் நீ ஒத்துக்கொண்டாய் என்று நான் எடுத்துக்கொள்வேன், வேறு ஒரு வார்த்தையும் கேட்க மாட்டேன். ஸ்டாம்பு சரியாக ஒட்டு. நான் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா